ரெண்டு பக்கமும் போயிருந்துச்சு

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பட்டறைக்கு வருகிறவர்கள் அவரைக் 'காதுக்காரர்' என்பார்கள். காருக்கு அடியில் டொக் டொக் என்று வரும் சத்தம் வேறு எங்கும் பிடிபடாவிட்டால், வண்டி கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்கும். அந்தப் பட்டப்பெயரில் பாதி அக்காவுக்குச் சேர வேண்டியது. அது வெளியே யாருக்கும் தெரியாது.

ஸ்டியரிங்கைப் பிடித்தால் தனக்குச் சத்தம் பிடிபடாது என்பது மாமாவின் கட்சி. அதனால் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குண்டும் குழியுமான சந்தில் அக்கா நடக்கிற வேகத்தில் ஓட்டுவாள். மாமா பின்சீட்டில் சாய்ந்து, காதைக் கதவோடு ஒட்டவைத்துக்கொண்டு வருவார். சந்து முடிந்ததும் இருவரும் சேர்ந்தாற்போல் இடத்தைச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஸ்பேனரைத் தொடுவார்கள். இல்லாவிட்டால் இன்னொரு சுற்று. கல்யாணமான புதிதில் மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போனபோது இவர்கள் அந்தச் சந்தில்தான் சுற்றினார்கள் என்று அம்மா இப்போதும் கேலி செய்வாள்.

மூன்று வருடத்துக்கு முன் பல் டாக்டர் ஒருவரின் கார் வந்தது. டாக்டரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சந்து முடிந்ததும் அக்கா முன்னால் இடது என்றாள். மாமா முன்னால் வலது என்றார். வழக்கப்படி இன்னொரு சுற்று போயிருக்க வேண்டும். அதற்குள் டாக்டர் சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டில் யார் பேச்சு செல்லும் என்று கேட்டுவிட்டார். மாமாவுக்குச் சுருக்கென்றது.

"ஓட்டுறதோட அவ வேலை முடிஞ்சுது சார்" என்றார்.

வலது சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பால் ஜாயின்ட்டை மாற்றினார். இரும்பில் சத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும், காது ஏமாறும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. நாலாம் நாள் அதே சத்தத்தோடு கார் திரும்பி வந்தது. இடது பக்கத்தைப் பிரித்தார். அங்கே ஜாயின்ட் ஆடுகிற பல் மாதிரி ஆடியது. "ரெண்டு பக்கமும் போயிருந்துச்சு சார்" என்று டாக்டரிடம் சொன்னார். அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அடுத்த வாரம் அவள் ஆஸ்பத்திரி வேனில் டிரைவராகச் சேர்ந்தாள். நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிப்போய் மறுபடி வீட்டில் விடும் வேலை.

நான் அப்போது எங்கோ தூர தேசத்தில், ஒரு ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து போனில் இதைக் கேட்டேன். "இதெல்லாம் ஒரு விஷயமா, விடுக்கா" என்றேன். என் ரயில் வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அக்கா என்னிடம் இதைப் பற்றிப் பேசவே இல்லை.

போன மாதம் ஊர் திரும்பினேன். ஒரு பேக்கரிக்காரரின் கார், சத்தம் எங்கே என்று பிடிபடாமல் பத்து நாளாகப் பட்டறையில் கிடந்தது. மாமா இரண்டு முறை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்திருந்தார், எதுவும் ஆடவில்லை. என்னை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். எனக்குச் சத்தம் நாலு பக்கமிருந்தும் வந்தது. உலகத்தையே சுற்றியவளுக்கு ஒரு சந்தை மெதுவாகக் கடக்கத் தெரியவில்லை என்று பின்சீட்டிலிருந்து குத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, அக்காவை ஒரு தடவை வரச் சொல்லேன் என்றார். நீங்களே கேளுங்கள் என்றேன்.

அன்று மாலை அக்கா சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாமா அறை வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"அந்த டாக்டர் வண்டில இடது மட்டும்தான் போயிருந்துச்சு."

"தெரியும். நீங்க கழட்டிப் போட்ட வலதுபக்கத்து ஜாயின்ட்ட குப்பையிலேர்ந்து எடுத்து ஆட்டிப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், சீருடையோடு பட்டறைக்கு வந்தாள். ஒரே சுற்றுதான். "பின்னால வலது. தூக்காதீங்க, தரையில நிக்கும்போதே பாருங்க" என்றாள். காரைத் தூக்கினால் சக்கரம் தொங்கும். தொங்குகிற கனத்தில் தளர்ந்த போல்ட்டும் இறுகியது போலக் காட்டும். மாமா கீழே படுத்து, ஷாக் அப்சார்பரின் அடிப்பக்கத்து போல்ட்டைப் பிடித்துக்கொண்டார். நான் காரின் பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டேன். போல்ட் அவர் கைக்குள் துள்ளியது. அவர் வெளியே வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

சாயங்காலம் பேக்கரிக்காரர் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, காதுக்காரர் என்று சும்மாவா சொல்கிறார்கள் என்றார்.

"கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரி சார். எனக்குப் பிடிபடல" என்றார் மாமா.

பேக்கரிக்காரர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாமா அவர் பின்னாலேயே நாலு எட்டு நடந்து, "நிஜமாத்தான் சார்" என்றார். கார் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவும் கூட நின்றார். இனி பட்டறைக்கே வந்துவிடேன் என்று அவளிடம் கேட்டார். அக்கா வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அந்த வேன் பக்கமே போயிருக்க மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "இப்ப எனக்கு அந்த வேலை பிடிச்சுப்போச்சுங்க."