கயிற்றின் மறுமுனையில் மாடு

மாட்டு வைத்தியத்தில் ஊசி போடுவது கடைசி அரை நிமிட வேலை. மிச்சமெல்லாம் மாட்டைப் பிடிக்கிற வேலை. அதுவும் வேலி கண்ணுக்கெட்டாத மேய்ச்சல் நிலத்தில், குதிரையில் இருந்தபடி, சுருக்குக் கயிறு எறிந்து.

விடிய ஐந்து மணிக்குக் காரை எடுத்து, கோப்பியைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஹைவே ஏறுகிற ரொறன்ரோ சனங்களே, என் துன்பம் உங்களுக்கு விளங்கும். நீங்கள் தெற்கே டவுன்டவுனுக்குப் போகிறீர்கள். நான் மில்லிக்கனில் இருந்து வடக்கே ஒன்றரை மணித்தியாலம் போகிறேன். எனக்கு றோட்டு காலி. போய்ச் சேர்ந்த பிறகுதான் உதை.

பதினொரு வருடம் ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் ஒரு மிருக கிளினிக்கில், மிருக வைத்திய உதவியாளர் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, தற்காலிக ஆளாகப் பூனைகளுக்கு நகம் வெட்டியவள் நான். குதிரை ஓட்டமும் கயிறு எறிவதும் அங்கே தன் நாயைக் கொண்டுவந்த ஒரு பெண்ணிடம் ஞாயிறு ஞாயிறாகப் பழகியது. பல விவசாயிகள் சேர்ந்து கோடை முழுக்க மாடு விடும் அந்த மேய்ச்சல் நிலத்தில் ஆள் தேவை என்றதும் நகவெட்டியை வைத்துவிட்டு ஓடிப்போனேன்.

அங்கே மூத்த குதிரைக்காரர் வால்ட்டர் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மாடுகள் அதிகம் உள்ளவர் கோர்டன். குதிரைகளை விற்றுவிட்டு, மேய்ச்சல் நிலத்தில் ஓடுகிற நாலு சில்லு மோட்டார் வண்டி ஒன்றும் மாட்டை அடைக்கும் இரும்புப் பட்டியும் வாங்கினால் ஒரு ஆளே போதும் என்பது அவர் கட்சி. ஒக்டோபர் கூட்டத்தில் விவசாயிகள் கையுயர்த்தி முடிவெடுப்பார்கள். அவர் வென்றால் நான் திரும்பப் பூனை நகத்துக்கு. எனக்குத் தந்த செம்பட்டைக் குதிரை பெனி ஏலத்துக்கு. எனக்கு என்னைவிடப் பெனியைப் பற்றித்தான் கவலை.

இனி நடந்தவற்றைச் சொல்கிறேன். வால்ட்டரும் கோர்டனும் பக்கத்து வீட்டுக்காரரும் பேசியது இங்கிலிஷ். என் காதுக்குள் அது விழுந்த தமிழிலேயே தருகிறேன்.

முதல் எறி

முதல் வாரம். கண்நோய் வந்து ஒரு கண் மூடிப்போன கன்று ஒன்று. பெனி அதன் பக்கத்தில் சீராக ஓடினாள், நான் கயிற்றைச் சுழற்றி எறிந்தேன். நேரே கழுத்தில் விழுந்தது! சந்தோஷம் தலைக்கேறி, இரண்டு கையையும் மேலே தூக்கிக் கூவினேன்.

கயிறு விழுந்த உடனே அதன் மற்ற நுனியைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றவேண்டும். பெருவிரலை மேலே நிமிர்த்திப் பிடித்துச் சுற்றவேண்டும்; இல்லாவிட்டால் விரல் போய்விடும். நான் பெருவிரலை மட்டுமா, பத்து விரலையும் வானத்துக்கு நிமிர்த்தினேன். கன்று முழுக் கயிற்றையும் இழுத்துக்கொண்டு பற்றைக்குள் போய்விட்டது. பெனி ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு நான் சொல்லாமலே துரத்திப் போய், தரையில் இழுபட்ட கயிற்றுக்குப் பக்கத்தில் ஓடினாள். குனிந்து எடுத்தேன், இந்த முறை ஒழுங்காகச் சுற்றினேன், இறங்கி ஊசியும் போட்டேன். வால்ட்டர் தொப்பியைச் சரி செய்துகொண்டு சொன்னார்:

"நல்ல காலம் பெனி போனது. இல்லாட்டி அந்தக் கண்டு கயித்தோடை திரும்பி வந்து உனக்கெல்லோ ஊசி போட்டிருக்கும்."

திலகா அன்ரியின் விசாரணை

அஜின்கோர்ட்டில் மரக்கறிக் கடை வரிசையில் திலகா அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் என் அம்மாவின் சிநேகிதி. கோயிலில் எனக்காகவும் சேர்த்துக் கும்பிடுகிறவர்.

"என்ன பிள்ளை சுமதி, பசுமாட்டைக் கயித்தாலை விழுத்துறியாம்? பாவமெல்லோ?"

"ஓம் அன்ரி, விழுத்தித்தான் மருந்து போடுறன். நில் எண்டு சொன்னா நிக்காது."

போனை எடுத்து இரண்டு படங்களைக் காட்டினேன். ஒன்றில் மூடி வீங்கிய கண். மற்றதில் பத்து நாள் கழித்து அதே கன்று, இரண்டு கண்ணாலும் கமராவை முறைக்கிறது. அன்ரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்ற ஆட்கள் நகரச் சொன்னதையும் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்து அழுத்தினார்.

"முதல்லை குதிரைக்குப் பூசு. மாடு விழுந்தாலும் எழும்பும், நீ விழுந்தா ஆர் தூக்கிறது?"

மூன்று குறி

அந்தத் திருநீறு என்னை மாட்டிவிட்டது. மருந்து போட்ட மாட்டின் முதுகில் நிறக்கட்டியால் ஒரு கோடு இழுக்கவேண்டும், காதுத் தகட்டின் இலக்கத்தையும் கொப்பியில் எழுதவேண்டும். இரண்டாம் தரம் யாரும் ஊசி போட்டுவிடக் கூடாதே. அன்றைக்கு நிறக்கட்டி எங்கேயோ விழுந்துவிட்டது. கொப்பி காரில். மூளை மட்டும் பிரமாதமாக வேலை செய்தது. பொட்டலத்தைப் பிரித்து, போத்தல் தண்ணீரில் குழைத்து, ஒரு கறுத்தக் கன்றின் பின்புறத்தில் மூன்று குறி இழுத்தேன். கறுப்பில் வெள்ளை, என்ன எடுப்பு! இந்த நாட்டிலேயே லட்சணமான கன்று அதுதான்.

இரவு மழை. விடியப் போய்ப் பார்த்தால் ஏழு கறுத்தக் கன்றுகள், ஏழின் பின்புறமும் கழுவித் துடைத்த மாதிரி. இதில் எந்தக் கன்றுக்கு ஊசி போட்டேன்? வால்ட்டர் கயிற்றை எடுத்துக்கொண்டு குதிரையில் ஏறினார். அரை நாள் ஏழையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, கழுத்து மயிரை விலக்கி ஊசி போட்ட வீக்கத்தைத் தேடினோம். ஏழாவதில் இருந்தது. ஏழு கன்றையும் பிடித்தது முழுக்க நானும் பெனியும். ஒரு எறியும் தவறவில்லை. அதை வால்ட்டர் கவனித்திருக்கிறார்.

"கடவுளைக் கும்பிடு, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா நம்பரை உன்ரை கையுறையிலையெண்டாலும் எழுது."

கதிரைக்கு வருத்தம்

கழுத்து சரி. பின்னங்கால்தான் என் கண்டம். பெரிய மாட்டை ஒருவர் கழுத்தில் பிடிக்க, மற்றவர் அது எட்டு வைக்கும் நேரம் பார்த்து இரண்டு பின்னங்காலையும் ஒரே சுருக்கில் பிடிக்கவேண்டும். எனக்கு எப்போதும் ஒரு காலே அகப்படும். அதனால் செப்டெம்பர் முழுக்க, வேலை முடிந்து வந்து, மில்லிக்கனில் எங்கள் வீட்டு டிரைவ்வேயில் பிளாஸ்ரிக் கதிரையை வைத்து அதன் இரண்டு கால்களுக்கு எறிந்தேன். இருநூறு எறி, பிறகுதான் சாப்பாடு. என் மாட்டு வைத்தியம் தெரிந்த பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் மூன்று நாள் வேலிக்கு மேலால் பார்த்தார். நாலாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"மகள், உந்தக் கதிரைக்கு என்ன வருத்தம்?"

கோர்டனின் காளை

கூட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது கோர்டனின் பெரிய காளை நொண்டியது. குளம்பு அழுகல். விட்டால் நடை போய்விடும், நடை போன காளை அவருக்குப் பிரயோசனமில்லை. கோர்டன் தன்னுடைய மோட்டார் வண்டியிலேயே வந்தார். காளையைத் தன் பண்ணையில் இருந்து கொண்டுவந்த இரும்புப் பட்டிக்குள் துரத்திக் காட்டி, கூட்டத்தை அன்றைக்கே முடித்துவிடுகிற எண்ணம். காளை நொண்டி நொண்டிப் போய் நாணல் சேற்றோரத்தில் நின்றது. கோர்டன் வண்டியைப் பின்னாலே விட்டார். நாலு சில்லும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. காளை திரும்பி, தலையைக் குனிந்தது.

வால்ட்டர் பாய்ந்து போய்க் கழுத்தில் கயிற்றைப் போட்டு, காளையை மேட்டுக்கு இழுத்தார். இனி என் முறை. ஒற்றைக் கால் அகப்பட்டால் ஒரு டன் காளை சுழன்று வால்ட்டரின் குதிரையில் விழும். பெனி கிட்டப் போய், எனக்கு வேண்டிய இடத்தில் வேண்டிய வேகத்தில் நடந்தாள். காளை எட்டு வைத்தது. எறிந்தேன். இரண்டு கால்! பெருவிரலை நிமிர்த்திச் சுற்றினேன். இரண்டு குதிரையும் இரண்டு பக்கம் இழுக்க, காளை மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது.

நான் இறங்கினேன். இப்போது பெனியின் சேணத்தில் ஒருவரும் இல்லை. காளையின் பின்னங்கால்களை வைத்திருப்பது பெனி மட்டும். குளம்பிடுக்கைக் கழுவி மருந்து வைத்தேன். பிறகு கழுத்துப் பக்கம் போய் ஊசியை ஏற்றும்போது காளை உடம்பை முறுக்கிக் காலைப் பெனியின் பக்கம் உதைத்தது. கயிறு தளர்ந்தது. கோர்டன் வண்டியில் இருந்து கத்தினார். பெனி அமைதியாக ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள். கயிறு மறுபடி நேரானது. யாரும் சொல்லவில்லை, அவளே பார்த்து வைத்த எட்டு.

ஊசி போட்டு, முதுகில் கோடு இழுத்து, இலக்கத்தைக் கையுறையில் எழுதினேன். கழுத்துக் கயிற்றைக் கழற்றிவிட்டு ஏறினேன். பெனி முன்னால் வந்து கயிற்றைத் தளர்த்த, காளை எழும்பி உதறிக்கொண்டு போனது. எனக்குக் கண் கலங்கியது. பெருமையில்தான், ஒளிக்க என்ன இருக்கிறது?

பிறகு அதே கயிற்றைக் கோர்டனின் வண்டியில் கட்டி, சேணக் கொம்பில் சுற்றினேன். அவர் சேற்றில் இறங்கிப் பின்னால் தள்ள, பெனி அதையும் இழுத்து வெளியே போட்டாள். கோர்டன் முழங்கால் வரைக்கும் சேறோடு நின்று பெனியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அந்தப் பார்வை என்னை அரித்தது.

அடுத்த கிழமை கூட்டம். மடக்குக் கதிரைகள், ஆறிப்போன கோப்பி. காளை ஒழுங்காக நடக்கிறது என்று வால்ட்டர் அறிவித்தார். கோர்டன் எழும்பினார். நான் மேசைக்குக் கீழே பெருவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வண்டி வாங்கினா, அதைச் சேத்துக்குள்ளாலை இழுக்கப் பெனி வேணும். பெனி வேணுமெண்டா இந்தப் பிள்ளையும் வேணும். பிறகென்னத்துக்கு வண்டி? கையை உயர்த்துங்கோ, எனக்கு வேலை கிடக்கு."

எல்லாக் கையும் உயர்ந்தது; கனடாவில் பதினொரு வருட அனுபவமும் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழும் வாங்கித் தராத, கோடைக்குக் கோடை நிரந்தரமான வேலையை, ஒரு குதிரை பின்னால் வைத்த ஒரேயொரு எட்டு எனக்கு வாங்கித் தந்தது.