மூடி தளர்ந்த குப்பி

பாறசாலைப் பக்கத்துக் கல்லூரியின் ஆய்வக உதவியாளர் மெலிந்த, நரைமீசைக்காரர். தினமும் காலையில் எல்லாக் குப்பிகளையும் துடைத்து மூடிகளை இறுக்குவார்.

நான் ஐம்பதை நெருங்கும் முனைவர் பட்ட மாணவன். தேர்வாளர் வர அரைமணி நேரமே இருந்தது. முந்தின இரவு நானே உப்புச் சேர்த்துக் கரைத்துவைத்த குயினோன் என்ற சேர்மத்துக்கு மின்னழுத்தம் கொடுத்தால், திரையில் கோட்டின் முகடு இடம்மாறி நின்றது. சேர்மம் கெட்டுவிட்டதென்று, மனதுக்குள் மனைவிக்கு மன்னிப்புக் கடிதமே எழுதி முடித்துவிட்டேன்.

"பேடிக்காண்டாம் சாரே, மருந்து கெடல்ல. உப்பு மாறினா கோடும் மாறும். நீங்க போட்டது லித்தியம் உப்பாக்கும்," என்று தைரியம் சொன்னார் உதவியாளர்.

"எப்படித் தெரியும்?"

"காலைல தொடைக்கும்போ அதுக்க மூடி மட்டும் லூசு."

வழக்கமான உப்போடு புதிதாகக் கரைத்ததும் முகடு பழைய இடத்துக்கு வந்தது. காலையிலேயே கண்டுபிடித்தவர், நான் வியர்த்து நனையும்வரை ஏன் காத்திருந்தார் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.