குற்றாலத்துச் சிப்ஸ் குடோனில் ஒரு படம்

சீசனில் குற்றாலம் போகிறவர்கள் துண்டும் மாற்றுத்துணியும் எடுத்து வைப்பார்கள். ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளம்பியபோது நான் பையில் முதலில் வைத்தது ஒரு பென் டிரைவ். அதில் ஒரு ஆவணப்படத்தின் திருத்திய பிரதி இருந்தது. அதில் திருத்தியது என்னுடைய தவறை. குளிக்கப் போகிறவர்களுக்கான தகவல்களும் வழியில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரையில் வீட்டிலிருந்தபடி படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவள். தென்காசிக்காரரான உலகம்மாள் எடுத்த ‘திருப்பிய ஓடை’க்கு ஆறு வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்தேன். அவர் தென்காசியில் அதிகம் பேசப்பட்ட, அதைவிட அதிகம் திட்டப்பட்ட மனுஷி. முதல் படத்தைத் தன் சொந்தக் குடும்பத்து நிலத்தகராறு பற்றி எடுத்தார். வீட்டில் பாதிப் பேர் போலீஸில் இருக்கிற குடும்பம், அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. அடுத்து ‘திருப்பிய ஓடை’. மலையடிவாரத்தில் ஒரு தங்கும் விடுதி, ஓடைத் தண்ணீரைக் குழாயில் திருப்பித் தன் வளாகத்துக்குள்ளேயே செயற்கை அருவி விட்டுக்கொண்டிருந்தது. உலகம்மாள் அங்கே விருந்தாளியாக அறை எடுத்துத் தங்கி, தோள்பையில் கேமராவை மறைத்து அதைப் படமெடுத்தார். அந்த முறை சரியா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். எனக்கும் முழுச் சம்மதமில்லை. ஆனால் படம் வந்த பிறகுதான் ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள், குழாய்கள் பிடுங்கப்பட்டன.

தென்காசியில் அந்தப் படத்தின் முதல் திரையிடல் பத்தாவது நிமிடத்தில் நின்றுபோனது. அருவியில் தண்ணீர் இல்லை என்று ஊரெல்லாம் சொன்னால் சீசன் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். நாற்காலிகள் பறந்ததில் புரொஜெக்டர் உடைந்தது.

என் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. படத்தில் விடுதியின் காவலாளி குற்றாலிங்கம் மூன்று வாக்கியம் பேசுகிறார். மேலே இருந்து போன் வரும், குழாயைத் திறக்கச் சொல்வார்கள், நான் திறப்பேன். சப்டைட்டில் திரையில் இரண்டு நொடிதான் நிற்கும். மூன்றுக்கும் இடமில்லை என்று முன்னிரண்டை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் ‘நான் திறப்பேன்’ என்பதை மட்டும் எழுதினேன். தமிழ் தெரியாத அதிகாரிகள் அந்த வரியைத்தான் படித்தார்கள். விடுதிக்காரர்களும் அதையே காட்டி, எல்லாம் காவலாளி தன்னிஷ்டத்துக்குச் செய்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு வேலை போனது. ஆய்வு அறிக்கையில் பெயரும் ஏறியது. அந்தப் பெயரைச் சொன்னாலே யாரும் வேலைக்கு எடுப்பதில்லையாம்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது உலகம்மாள் போன வருடம் எழுதிய ‘நான் வெட்டியவை’ என்ற புத்தகத்திலிருந்து. தன் படங்களில் தான் வெட்டி எறிந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். கடைசி அத்தியாயம் முழுக்கக் குற்றாலிங்கம். சப்டைட்டில் எழுதியவர் என்று என் பெயரைக்கூடப் போடவில்லை, பழியைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். படித்து முடித்த அன்றே போன் செய்தேன். “தென்காசியில மறுபடியும் போடப்போறேன். திருத்தி எடுத்துட்டு வாங்க,” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.15க்குப் பேருந்து. கட்டணம் 150 ரூபாய், தூரம் சுமார் 160 கிலோமீட்டர். ராஜபாளையம் தாண்டிச் சிவகிரி வரும்போது வலது பக்கம் மலை கூடவே வர ஆரம்பிக்கும், அதனால் வலது ஜன்னலைப் பிடியுங்கள். புளியங்குடியில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். டீ 12 ரூபாய், ருசி சுமார். கடையநல்லூர் தாண்டியதும் ஜன்னல் வழியாகச் சாரல் முகத்தில் அடித்தது. யாரும் ஜன்னலை மூடவில்லை. தென்காசி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியபோது மணி 9.25. அறை கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், 900 ரூபாய். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்திலேயே அறை எடுத்தால் இரண்டு மடங்கு ஆகும்.

திரையிடல் பகல் இரண்டரை மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில். ஒன்றரைக்குப் போனால் கேட்டில் பூட்டு. வாசல் படியில் உட்கார்ந்து ஒரு அம்மா தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்த கிராப்பு, ஆண்கள் போடும் சட்டை. ஆறு வருடமாகக் குரலை மட்டும் கேட்டிருந்த உலகம்மாளை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். படத்தைப் போடவிடாதே என்று மண்டபத்துக்காரருக்குக் காலையிலிருந்து நாலைந்து போன் வந்ததாம். பெயின்ட் அடிக்கிற வேலை இருக்கிறதென்று பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

என்ன செய்யப்போகிறோம் என்று கேட்டேன். “மொதல்ல சாப்பிட்டு முடிக்கேன்,” என்றார்.

இரண்டு மணிக்குள் முப்பது நாற்பது பேர் கேட்டுக்கு வெளியே சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ஒரு லோடு வேன் வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் கூட்டத்தில் சிலர் பின்வாங்கினார்கள். குற்றாலத்தில் நேந்திரம் சிப்ஸ் கடை வைத்திருக்கும் இசக்கி அண்ணாச்சி. ஆறு வருடத்துக்கு முந்தைய திரையிடலில் முதலாவது நாற்காலியைத் தூக்கி எறிந்தவர் அவர்தான் என்று பக்கத்தில் நின்றவர் என் காதில் சொன்னார்.

அண்ணாச்சி நேராக உலகம்மாள் முன்னால் போய் நின்றார். “அன்னைக்கு நான் படத்தப் பாக்காமலே எறிஞ்சேன். பொறவு ஒங்க பொஸ்தகத்த வாசிச்சேன். தன் தப்பத் தானே அச்சடிச்சி விக்கிற ஆள இப்பத்தான் பாக்கேன். குத்தாலத்துல என் குடோன் இருக்கு. சரக்க ஒதுக்கிட்டா நூறு பேரு ஒக்காரலாம். வாரியளா?”

உலகம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேள்வி ஒன்றுதான் கேட்டார். “பிளக் பாயின்ட் இருக்கா அண்ணாச்சி?”

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆட்டோ சாதாரணமாக 150, சீசனில் 200 கேட்பார்கள். அன்று நான் போனது லோடு வேனில், புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு, செலவில்லாமல். மற்றவர்கள் பஸ், பைக், ஆட்டோ என்று பின்னாலேயே வந்தார்கள். என்ன ஊர்வலம் என்று வழியில் விசாரித்தவர்களில் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

குடோனில் வாழைத்தார்கள் ஒரு ஓரம், எண்ணெய் டின்கள் இன்னொரு ஓரம். கடைப்பெண்கள் நடுவில் தார்ப்பாய் விரித்துவிட்டார்கள். வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துச் சுவரில் கட்டியதுதான் திரை. படம் 3.40க்கு ஆரம்பித்தது. யாராவது வந்துவிடுவார்களோ என்று நான் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார்கள், ஆனால் படம் பார்க்க. பக்கத்துக் கடைகளில் எண்ணெய் மசாஜ் செய்கிறவர்கள், மங்குஸ்தான் விற்கிறவர்கள், தலை ஈரம் காயாத ஒரு சுற்றுலாக் குடும்பம். செயற்கை அருவிக்கடியில் விடுதி விருந்தாளிகள் குளிக்கும் காட்சி வந்தபோது, பின்னாலிருந்து ஒரு பெண் அந்த வருடம் தன் கடை ஓடாத கதையைச் சொல்லத் தொடங்கினார். யாரும் அவரை அடக்கவில்லை.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள். வாழைத்தார்களுக்குப் பக்கத்தில் ஒருவர் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். உலகம்மாள் இரண்டு முறை வீட்டுக்குப் போய் அழைத்தும் வருகிறேன் என்று சொல்லாத குற்றாலிங்கம். இலஞ்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தினக்கூலியாக இருக்கிறார்.

“படத்துல இருக்கது நாந்தான்,” என்றார். “நடந்தது நடந்தபடி இருக்கு. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். கீழ இங்கிலீசுல ஓடுதே, அதுல நான் என்ன சொல்லுதேன்?”

உலகம்மாள் எழுந்தார். நானும் எழுந்துவிட்டேன். இந்தப் பதிலைச் சொல்லத்தான் நான் மதுரையிலிருந்து வந்தது. முதலில் எழுதியதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் இருந்தது, முன்னிரண்டை வெட்டியது நான்தான், அவர் பெயர் கெட்டது அதனால்தான் என்று சொன்னேன். இப்போது அந்த இடத்தில் காட்சியையே நான்கு நொடி நீட்டி, மூன்றையும் வைத்திருக்கிறோம் என்றேன்.

“மூணும் இருக்கா?” என்று கேட்டார் குற்றாலிங்கம்.

“மூணும் இருக்கு அண்ணாச்சி.”

உலகம்மாள் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு எவரும் பார்த்ததில்லை என்பார்கள். அன்று பார்த்தோம். “படம் எடுத்ததுக்கு நான் வருத்தப்படல,” என்றார். “ஒங்களக் கேக்காம ஒங்க மொகத்தக் காட்டினதுக்கு வருத்தப்படுதேன். அத நான் செஞ்சிருக்கக் கூடாது.”

குற்றாலிங்கம் மனைவியின் தோளைத் தொட்டு, “இவ பாதியிலதான் வந்தா. அந்த இடத்த மறுபடி போடுங்க,” என்றார்.

போட்டோம். அவர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கீழே எழுத்து மாறும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கினார். மூன்றாவது விரல் மடங்கியதும் திரும்பி மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். முதலில் கைதட்டியது இசக்கி அண்ணாச்சி. பிறகு குடோன் முழுக்கத் தட்டியது. தகரக் கூரையில் மழை போலச் சத்தம். உலகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு புரொஜெக்டர் வயரைச் சுருட்டினார், அவிழ்த்தார், மறுபடி சுருட்டினார்.

மறுநாள் திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். அறிக்கையிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டுக் குற்றாலிங்கம் எழுதிய மனுவோடு, பழைய வரியும் புதிய வரியும் அடங்கிய தாளில் நான் கையெழுத்துப் போட்டு இணைத்தேன். உலகம்மாள் வெட்டாத முழுப் பதிவைக் கொடுத்தார். பத்து மணிக்கு வரிசையில் நின்று 11.40க்கு முத்திரையோடு ரசீது வாங்கினோம். குற்றாலிங்கம் அதைச் சட்டைப்பையில் வைத்துப் பட்டன் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் குளித்தேன், ஐந்தருவியில். மெயினருவியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். சீசனில் போகிறவர்கள் திங்கள், செவ்வாய் பாருங்கள், கூட்டம் பாதிதான். காலை ஏழுக்குள் போனால் வரிசை இருக்காது. மேலே மழை பெய்தால் போலீஸ் தடை போட்டுவிடும், அதற்காக ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் தனி அருவி உண்டு என்று சொன்னால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு அறை எடுங்கள். போக வர, தங்க, சாப்பிட எனக்கு ஆனது 1,840 ரூபாய்.

ஒரு மனுஷியின் துணிச்சலைப் பார்க்கத்தான் போனேன். கேமராவை மறைத்துக்கொண்டு உள்ளே போனதைவிட, நூறு பேர் முன்னால் ‘செஞ்சிருக்கக் கூடாது’ என்று சொல்லத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்று தெரிந்துகொண்டு வந்தேன். அதில் கொஞ்சம் எனக்கும் ஒட்டியிருக்கிறது என்று நம்புகிறேன்.

இந்தப் பதிவை இவ்வளவு நாள் எழுதாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. அறிக்கையிலிருந்து பெயர் நீக்கப்பட்டதாகப் போன வாரம்தான் குற்றாலிங்கத்துக்குக் கடிதம் வந்தது. அவரே போன் செய்தார். கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை, தேதியும் கையெழுத்தும் உட்பட, நிதானமாக வாசித்துக் காட்டினார். நான் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. முடித்துவிட்டு, “சீசன் முடியதுக்குள்ள வீட்டுக்காரரயும் கூட்டிட்டு வாங்கம்மா. தண்ணி நல்லா விழுது,” என்றார்.