சீசர் கழுத்தில் அப்பாவின் டோக்கன்

ஜூலை பதினொன்று, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். இரவெல்லாம் தூறி ஓய்ந்திருந்தது. மேகம் இன்னும் கலையவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் பதினெட்டு வீடுகள். பதினேழாவது எங்களுடையது. அதன் வாசலுக்கு நேராக நாய் பிடிக்கும் வண்டி வந்து நின்றபோது எனக்கு ஒன்பது வயது எட்டு மாதம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன வாரம், இப்போது நான் குடியிருக்கும் மேனாம்பேட்டில் எங்கள் நாயைப் பதிவு செய்யக் கிளம்பினேன். இப்போதெல்லாம் கழுத்தில் எதுவும் தொங்கவிடுவதில்லை. அரிசி அளவு சிப் ஒன்றைத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டை, ஆதார் நகல் மூன்று, நாயின் புகைப்படம் இரண்டு எல்லாவற்றையும் பைக்குள் வைத்து மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா சார் இது, பொண்ணுக்கு ஜாதகம் எடுத்துகினு போற மாதிரி போறீங்க? நம்ம தெருவுல எவன் வந்து பாக்கப் போறான்?"

"பாப்பாங்க" என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

சீசரைக் குட்டியாக நான் தூக்கி வந்த அன்று அப்பா மூன்று நிபந்தனைகள் போட்டார். சோறு நான் வைக்க வேண்டும். கட்டிப் போட வேண்டும். லைசென்ஸ் வாங்க வேண்டும். சோறு அம்மா வைத்தாள். கட்டிப் போட எனக்கு மனம் வரவில்லை. சீசர் பால்காரரின் சைக்கிளைத் துரத்துவதை நான் வீரம் என்று எண்ணியிருந்தேன். லைசென்ஸுக்கு அப்பா இரண்டு ரூபாய் கொடுத்தார். அதைக் கட்டினால் பித்தளையில் வட்டமாக ஒரு பில்லை தருவார்கள். கழுத்தில் பில்லை இருக்கும் நாயை வண்டிக்காரர்கள் தொட மாட்டார்கள். இல்லாத நாய் திரும்பி வராது.

பள்ளி விட்டதும் ரயில் பாதையைத் தாண்டி லைசென்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்குள் குமாஸ்தாவின் காலடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அது நிறையப் பில்லைகள் மின்னின. எனக்கு முன்னால் பதினான்கு பேர். எதிரே வாடகை சைக்கிள் கடை. அரை மணிக்குப் பத்து பைசா. இரண்டு ரூபாய்க்கு இருபது அரைமணிகள் என்று கணக்குப் போட எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. ஒன்பது நாட்களில் அதைத் தீர்த்தேன்.

"பில்லை எங்கடா?" என்று அம்மா கேட்டாள்.

"தீர்ந்துபோச்சாம்மா. வந்ததும் சொல்றாங்களாம்."

அவள் நம்பினாள். அப்பாவும் நம்பினார். நடுவில் இரண்டு தடவை "வந்துடுச்சா?" என்று கேட்டார். "இன்னும் வரலப்பா" என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை வண்டி நின்றதும் கூண்டுக்குள்ளிருந்து நாய்கள் ஊளையிட்டன. எட்டாவது வீட்டு வேலியோரம் சுற்றிக்கொண்டிருந்த செவலை நாயை ஏற்கெனவே இடுக்கியில் பிடித்துப் போட்டிருந்தார்கள். சீசர் நடுத்தெருவில் நின்று அவர்களைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளே ஓடினேன். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டை ஆணியில் தொங்கியது. அதன் பையில் தொழிற்சாலை டோக்கன். பித்தளை, வட்டம், மேலே துளை, எண் 2714. அதைக் காட்டினால்தான் அவரை வாசலுக்குள் விடுவார்கள். அதை எடுத்தேன். கட்டுவதற்குக் கயிறு இல்லை. கொடியில் காய்ந்த அம்மாவின் பாவாடையிலிருந்து நாடாவை உருவினேன். சீசரின் கழுத்தில் நான் முடிச்சுப் போட்டு முடிப்பதற்கும் இடுக்கிக்காரர் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

"பில்லை கீதா நைனா?"

"இருக்குண்ணே."

அவர் குனிந்து டோக்கனைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். வண்டிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "மாமே, இந்த நாய் மிலிட்டரி பேக்டரில வேல செய்யுதுபா! பில்லை இம்மாம் பெருசா கீது!"

வண்டியிலிருந்தவர் சிரித்தார். "அப்பன்னா ஷிப்டுக்கு நேரமாவுது, உடு!"

"கட்டிப் போட்டு வளக்கணும் நைனா. அடுத்த வாட்டி உட மாட்டேன்" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

வண்டி உறுமிக் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் சீசர் மிரண்டு பாய்ந்து ஓடியது. நான் சேற்றில் துரத்தினேன். ரயில் பாதை வரை போனேன், அதற்கப்பால் முட்புதர். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. நான் வீடு திரும்பியபோது அப்பாவின் சைக்கிள் இல்லை.

எட்டரை மணிக்கு அவர் திரும்பி வந்தார். வேலை நாளில் அந்த நேரத்தில் அப்பாவை நான் பார்த்ததே கிடையாது. வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. ராணுவத் தொழிற்சாலையில் டோக்கன் தொலைவது சின்ன விஷயமில்லை. வேறு யாராவது அதைக் காட்டி உள்ளே நுழைந்தால்? விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு மதியத்துக்கு மேல் வரலாம் என்று அனுப்பியிருந்தார்கள். அந்த மாதம் சம்பள உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

அப்பா பெட்டி, படுக்கை, அரிசிப் பானை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"சட்டையை நீதான உதறி மாட்டுன?"

 அம்மாவின் பார்வை கொடியில் நாடா இல்லாமல் தொங்கிய பாவாடைக்குப் போயிற்று. பிறகு என் முழங்கால் வரை அப்பியிருந்த சேற்றுக்கு வந்தது.

"ஆமாங்க" என்றாள். "வாசல்ல வச்சு உதறுனேன். அப்ப விழுந்திருக்கும்."

அப்பா அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். முழங்காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். 

விளக்கக் கடிதத்தை அப்பா நான்கு தடவை எழுதினார். முதல் மூன்றிலும் 'என் மனைவியின் கவனக்குறைவால்' என்று இருந்தது. கசக்கிப் போட்டதைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான்காவதில் 'என் கவனக்குறைவால்' என்று எழுதி எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு சீசர் வந்தது. கழுத்தில் நாடா இருந்தது, டோக்கன் இல்லை. நான் ஓடுவதற்குள் அம்மா அதைப் பிடித்துவிட்டாள். முடிச்சை நிதானமாக அவிழ்த்தாள். நாடாவைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தாள். அப்பா வீடு திரும்பியபோது, அதன் நுனியில் ஊக்கைக் குத்திப் பாவாடைக்குள் கோர்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாடா எப்படி நாய் கழுத்துக்குப் போயிற்று என்று யோசிக்கத் தெரியாதவள் என்று அவளை நினைத்தேன்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது சீசர் வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது. கழுத்தில் புதுப் பில்லை, எண் 118. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் காலில் ரயில் பாதைச் செம்மண் ஒட்டியிருந்தது. நிமிராமலே சொன்னாள்.

"ஆபீசுல பில்லை வந்துடுச்சாம்டா. வாங்கிட்டு வந்துட்டேன்."

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நிறைந்திருந்த அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவன் நான். இருந்தும், நடுவில் தீர்ந்து போய் மறுபடி வந்திருக்கும், என் பொய் தானாகவே உண்மையாகிவிட்டது என்று நம்பினேன். குமாஸ்தா அவளிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்று இரண்டாம் தடவையும் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டேன். அவள் போட்டாள்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அப்பாவுக்குப் போன அரை நாள் சம்பளம் மூன்றே கால் ரூபாய். டோக்கனுக்கு அபராதம் ஐந்து ரூபாய். ஒரு வருடம் தள்ளிப்போன சம்பள உயர்வு, மாதம் நான்கு வீதம் நாற்பத்தெட்டு. சைக்கிளுக்கு இரண்டு. பில்லைக்கு அம்மா கட்டியது இரண்டு. ஆக மொத்தம் அறுபது ரூபாய் இருபத்தைந்து பைசா.