டைரக்டரும் சூப் வண்டியும்

வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவனுக்கு இடுப்பை முறிக்கும் நாரிநோவும் மற்றவர்களின் பழங்கதையும் சம்பளத்தோடு இலவசமாகக் கிடைக்கும். இதே வேலையில் முறிகிற சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன், மற்றவர்கள் நம்பமாட்டார்கள்.

முதல் நாள்

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் கார்ட்டியர்வில் பகுதியில், எங்கள் இல்லத்தின் மூன்றாம் மாடியில் ஒரு ரஷ்யக் கிழவர் இருக்கிறார். சோவியத் காலத்தில் சிரிப்புப் படங்கள் எடுத்துக் கொடிகட்டிப் பறந்தவர். மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருக்கிறாள். நாங்கள் அவரை டைரக்டர் என்றே கூப்பிடுவோம். அவருடையது உடைந்த பிரெஞ்சு, என்னுடையது ஒட்டுப்போட்ட பிரெஞ்சு. எப்படியோ பொருந்திப் போகிறது.

அவர் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச் தொங்கும். அந்தக் காலத்தில் தியேட்டரில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சனம் எத்தனை விநாடி சிரிக்கிறது என்று அதில்தான் அளப்பாராம். சிரிப்பு வராத காட்சிக்குக் கத்தரிதான். அவரைப் பார்த்துக்கொள்ளப் போன முதல் நாள் நான் பிந்திப்போய், பனி, பஸ், மெட்ரோ என்று மூச்சு வாங்க விளக்கம் கொடுத்தேன். அவர் வாட்சைப் பார்த்தார்.

“நாற்பது விநாடி. ஒரு சிரிப்புக்கூட இல்லை. வெட்டு.”

தலையணைக்குக் கீழே

டைரக்டருக்கு நீரிழிவு. கிழமைக்கு ஒருமுறை தாதி அறையைச் சோதிப்பார். ஒவ்வொரு முறையும் தலையணைக்குக் கீழே ஒரு பெரிய சொக்கலேற் அகப்படும். தாதி வெற்றியோடு எடுத்துப் போவார். ஆனால் சீனி மட்டும் இறங்கவேயில்லை.

ஒருநாள் அவருடைய குளிர்காலச் சப்பாத்தை எடுத்தேன். உள்ளே பதினாறு சொக்கலேற்! மனுஷன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. அதிகாரிகள் வெட்டுவதற்கென்றே ஒவ்வொரு படத்திலும் ஒரு படுமோசமான காட்சி வைப்பாராம். அதை வெட்டின திருப்தியில் மிச்சத்தைத் தொடாமல் விட்டுவிடுவார்களாம். நான் தாதியிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். பதினாறும் போயிற்று. டைரக்டர் வெறும் சப்பாத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

“உன்னைப்போல ஒருவன் தணிக்கையில் இருந்திருந்தால், நான் ஒரு படமும் எடுத்திருக்கமாட்டேன்.”

பிறந்தநாள் படம்

அவருடைய தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு, பெயர்பெற்ற பழைய படமொன்றைச் சாப்பாட்டு மண்டபத்தில் போட மகள் ஒழுங்கு செய்தாள். பார்க்கப்போகும் முப்பது பேரில் ஒருவருக்கும் ரஷ்ய மொழி தெரியாது. படத்தின் அடியில் மொழிபெயர்ப்பு எழுத்தும் ஓடாது. காலையில் நான் சவரம் செய்துவிடும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். “இருபது வருஷமாக ஒரு சிரிப்பும் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்காவிட்டால், நான் யாரென்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்” என்றார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. முகம் துடைக்கிற துவாயை நான் தூக்கினால் எல்லோரும் சிரிக்கவேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் இரகசியமாகச் சொல்லிவைத்தேன். படம் தொடங்கியது. அவர் சக்கர நாற்காலியில், திரைக்கு முதுகைக் காட்டி, வாட்சில் விரலை வைத்தபடி இருந்தார். நான் துவாயைத் தூக்கினேன். முப்பது பேரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அவர் வாட்சை அமத்தவேயில்லை.

“தலைவர் சிரித்ததும் மந்திரிமார்தான் இப்படிச் சிரிப்பார்கள். துவாயைக் கீழே போடு.”

சூப்

அப்போதுதான் சமையலறையிலிருந்து மேரி அக்கா சூப் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மன்னார்க்காரி, என் துவாய் ஏற்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது. திரையில் ஒரு தொழிற்சாலை அதிகாரி, திருடின வாத்தைக் கோட்டுக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு நேர்மையைப் பற்றிப் பேசுகிறார், டைரக்டர் எனக்கு முன்பே விளக்கிச் சொன்ன காட்சி அது. வாத்து கழுத்துப்பட்டிக்குள்ளால் தலையை நீட்டுகிறது. அமுக்குகிறார். கோட்டுக் கைக்குள்ளால் நீட்டுகிறது.

“ஐயோ மாதாவே! தம்பி, எங்கட ஊர்ச் சங்கத் தலைவர் மாதிரியே கிடக்கு!” என்று மேரி அக்கா வெடித்துச் சிரித்தார். வண்டி மேசையில் மோதி, சூப் பானையின் மூடி உருண்டு ஓடியது. முன்வரிசையில் தூங்கிய கிழவி எழுந்து திரையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. கீழே போட்ட துவாயை எடுத்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டைரக்டர் வாட்சை அமத்தி, என் மூக்கு வரைக்கும் நீட்டினார்.

“பதினான்கு விநாடி. மொஸ்கோவில் ஒன்பதுதான்.”

பதினேழு வருஷமாக ஆட்களைத் தூக்கி நிறுத்தி என் நாரி போனதுதான் மிச்சம், டைரக்டரைத் தூக்கி நிறுத்தியது என்னவோ மேரி அக்காவின் சூப் வண்டிதான்.