சோங்கிங்கில் அத்தான் நின்ற வாசல்

அந்த வரைபடத்தை அத்தான் சாப்பாட்டு மேசை முழுக்க விரித்து வைத்திருந்தார். ஒரு மூலை எழும்பாமல் இருக்கச் சீனிப் போத்தல், இன்னொரு மூலைக்கு அக்காவின் தையல் பெட்டி, மற்ற இரண்டுக்கும் அவருடைய முழங்கைகள். சோற்றுச் சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், பீலெஃபெல்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேசையில் கிடந்தது சீனாவில் இருக்கும் சோங்கிங் நகரம். இரண்டு ஆறுகள் வந்து கூடும் இடத்தில் நாக்கை நீட்டினாற்போல ஒரு நிலத்துண்டு, அதற்குள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும் வீதிகள். அத்தான் பொதிகள் விநியோகிக்கும் வான் ஓட்டுபவர். வீதிகளைப் பார்த்து அவர் மிரண்டதே இல்லை. "வீதியும் இலக்கமும் இருந்தாக் காணும் தம்பி, உலகத்தில எந்த வாசலையும் கண்டுபிடிச்சிடலாம்" என்றார். நான் நம்பினேன். பீலெஃபெல்டில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மனிசி பொதியை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் கதைப்பாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அத்தான் என் அக்காவின் கணவர். நான் பள்ளிக்கூட வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்து அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தேன். என் முதல் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியவர் அவர். வெளிப்பார்வைக்குக் கலகலப்பான மனிதர். கொண்டாட்டங்களில் மற்றவர்களைச் சீண்டிச் சிரிக்க வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வீட்டில் ஒரு விஷயத்தைப் பற்றி யாரும் பகிடி விடுவதில்லை. அது அவருடைய தங்கை.

அவர் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது தங்கைக்கு ஐந்து வயது. இங்கே அவருடைய அகதி விண்ணப்பம் வருடக்கணக்காக இழுபட்டது. நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி வர முடியாத அந்தக் காலத்தில்தான் ஊரில் அவருடைய அம்மா செத்துப்போனார். அத்தானால் போக முடியவில்லை. அதற்குப் பிறகு, சித்தி வீட்டில் வளர்ந்த தங்கை அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அக்காவோடு போனில் நன்றாகக் கதைப்பாள். "அண்ணா பக்கத்திலதான் நிக்கிறார், குடுக்கட்டோ" என்று அக்கா கேட்டால், படிக்க இருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவாள். அத்தான் அந்த நேரங்களில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

பிறகு தங்கைக்குச் சீனாவில், சோங்கிங்கில், மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. அதே வருடம் அத்தானுக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. அக்காவின் வற்புறுத்தலால் அவள் ஜெர்மனிக்கு வர விசா கேட்டபோது மறுத்துவிட்டார்கள். இந்த உலகத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே நிலத்தில் நிற்கக்கூடிய இடம், எங்கள் வம்சத்தில் யாருமே கேள்விப்பட்டிராத அந்த மலைநகரம் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அத்தானுக்கு ஆங்கிலம் வராது என்பதால் நான் துணைக்கு. அவர் வரட்டுமா என்று அக்கா போனில் கேட்டாள். "வரட்டும். இந்த முறையெண்டாலும் வாறாரோ எண்டு பாப்பம்" என்றாள் தங்கை. இரண்டாவது வசனத்தை அக்கா அத்தானிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்த நகரத்தைப் பற்றி நான் என்ன சொன்னாலும் கேட்பவர்கள் கூட்டிச் சொல்கிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸி ஒரு பாலத்தில் ஏறியது. பாலத்தின் முடிவில் தரை வரும் என்று பார்த்தால் இன்னொரு பாலம் வந்தது. மூடுபனிக்குள் விளக்குகள் தெரிந்தன. வானத்தில் இருப்பது எது, மலையில் இருப்பது எது, ஆற்றில் தெரியும் நிழல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தோம்: தொடர்மாடி வீடுகளுக்கு நடுவயிற்றில் ஒரு ரயில் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வந்தது. அதற்கு மேல் மாடியில் ஒரு பெண் சாவகாசமாகச் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூங்கில் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் குளிர்சாதனப் பெட்டி ஒன்றைப் படிக்கட்டில் சுமந்து போனார். அந்தப் படிக்கட்டு ஒரு வீதி. அதற்குப் பெயரும் இருந்தது, வீட்டு இலக்கங்களும் இருந்தன. பீலெஃபெல்டில் கோட்டை இருக்கும் குன்றை மலை மலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இப்போதும் ஜெர்மனியில், நான் இருக்கும் பான் நகரில் படிக்கும் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போவதென்றால் என்னிடம் வழி கேட்பார்கள். வரைபடத்தைப் பையில் வையுங்கள், நல்ல சப்பாத்துப் போடுங்கள் என்பேன். காகிதத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் இரண்டு வீதிகள் அங்கே தேவாலயக் கோபுர உயரத்துக்கு மேலும் கீழுமாக இருக்கும். யாங்சி ஆற்றைக் கடக்கப் பாலத்தை விட்டுவிட்டுக் கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியில் ஏறுங்கள். நாங்கள் போன காலத்தில் அது வேடிக்கை பார்ப்பவர்களுக்கானது அல்ல, வேலை முடிந்து மரக்கறிப் பையோடு வீடு திரும்புபவர்களுக்கானது. நடு ஆற்றுக்கு மேலே அந்தப் பெட்டி ஆடியபோது கீழே கலங்கிய தண்ணீரில் கப்பல்கள் எறும்பாகத் தெரிந்தன. நான் கம்பியை இறுகப் பிடித்தேன். பக்கத்தில் ஒரு கிழவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொன்றும் சொல்வேன். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியில் இறைச்சியைத் தோய்த்துச் சாப்பிடும் கடைகளில் வீரம் காட்டாதீர்கள். நாங்கள் மிளகாய்த்தூளில் பிறந்த சனம் என்று மார்தட்டிக்கொண்டு போன அத்தானுக்கு, அங்கே போடும் ஒருவகை மிளகால் உதடும் நாக்கும் மரத்துப்போய் அரைமணி நேரம் வாய் திறக்க முடியவில்லை. அந்தப் பயணத்தில் அவர் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் தங்கையைப் பார்க்க வேண்டும்.

இடத்தையும் நேரத்தையும் தங்கைதான் சொல்லியிருந்தாள். ஆற்றங்கரையில் செங்குத்துப் பாறையோடு ஒட்டிக் கட்டிய பெரிய கட்டடம், அதன் முன்வாசல், பின்னேரம் நாலு மணி. டாக்ஸி எங்களை ஆற்றோர வீதியில் இறக்கியது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். கூரைக்கு மேல் கூரையாக, மரத் தூண்களும் மாடங்களுமாக அந்தக் கட்டடம் பாறையில் ஏறிக்கொண்டே போனது, உச்சி பனிக்குள் மறைந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வாசல். வேறு எதை முன்வாசல் என்பது? ஜெர்மன் அலுவலகத்தில் டெர்மின் என்று நேரம் குறித்து வாங்கியவர் போல அத்தான் அரைமணி நேரம் முன்னதாகவே வாசலின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

நாலு மணி போனது, ஐந்து மணியும் போனது. எங்கள் ஜெர்மன் கைத்தொலைபேசிகள் அங்கே வேலை செய்யவில்லை. உள்ளே போய்த் தேடுவோமா, கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்போமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அத்தான் அசையவில்லை. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், அதையும் நின்றபடியே குடித்தார். கடைசியில்தான் காரணம் சொன்னார். அவர் இளந்தாரியாக இருந்தபோது ஷெல் விழுந்து ஊரே ஓடிய நாளில், சனக்கூட்டத்துக்குள் அவருடைய அம்மா சொன்னாராம்: கை விடுபட்டால் அடுத்த ஊர்க் கோயில் வாசலில் போய் நில், அசையாதே, நான் தேடி வருவேன். கை விடுபட்டது. இவர் போய் நின்றார். பொழுது பட்டு, விடிந்த பிறகு அம்மா வந்தார். "ரெண்டு பேரும் தேடினா ரெண்டு பேரும் துலைஞ்சிடுவம் தம்பி" என்றார் அத்தான்.

ஆறு மணி நெருங்கக் கட்டடத்தின் விளக்குகள் எரியத் தொடங்கின. கீழிருந்து மேலாக ஒவ்வொரு கூரையும் பொன்னாக மாறிக்கொண்டு போனது. சுற்றி நின்ற சனம் வாயைப் பிளந்து பார்த்தது. அத்தான் மட்டும் பார்க்கவில்லை. "அவள் வரமாட்டாள். அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வராதவனைப் பாக்க அவள் ஏன் வரவேணும்" என்றார், யாரோ இன்னொருவரைப் பற்றிச் சொல்வது போல. கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன்.

லிஃப்டுக்குள் சனம் என்னைப் பின்சுவரோடு நெருக்கிவிட்டது. இறங்க வேண்டிய தளத்தில் இறங்க முடியாமல் உச்சித் தளம் வரைக்கும் போனேன். கதவு திறந்தது. எல்லோரோடும் வெளியே தள்ளப்பட்டேன். மொட்டை மாடியாக இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஒரு வீதி இருந்தது. பஸ் போனது. நடைபாதையில் மரங்கள் நின்றன, ஒருவர் தோடம்பழம் விற்றுக்கொண்டிருந்தார். லிஃப்ட் திரும்பக் கீழே வந்துவிட்டது என்றுதான் முதலில் எண்ணினேன். ஓரத்துக் கம்பிவேலிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். பனி சற்று விலகிய இடைவெளியில், கீழே, மிகக் கீழே, ஆறு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்திறங்கிய வீதி நூல் போலக் கிடந்தது. அதன் ஓரத்தில் எல்லோரும் அசைந்துகொண்டிருக்க, ஒரேயொரு புள்ளி மட்டும் அசையாமல் நின்றது. அந்தக் கட்டடத்துக்கு அங்கேயும் தரை, இங்கேயும் தரை. இத்தனை பிரமாண்டமான ஒரு விஷயத்தை மனிதர்கள் கட்டிவிட்டு, அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் அதன் வழியாகப் போய்வருகிறார்களே என்று திகைத்துப்போனேன். திரும்பினேன். இந்தப் பக்கமும் ஒரு பெரிய வாசல் இருந்தது. அதன் நடுவில், அந்தச் சனத்திலேயே ஒரேயொரு எங்கட முகம், புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது.

கிட்டப் போய்த் தமிழில் பேசினேன். அண்ணியின் தம்பி என்றேன். அவள் என்னைத் தாண்டிப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள். "வரேல்லைத்தானே?" என்றாள். அவர் வராததைச் சொல்ல என்னை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். கம்பிவேலிக்குக் கூட்டிப்போய்க் கீழே அந்தப் புள்ளியைக் காட்டினேன். நாலு மணிக்கு முதலே வந்து நிற்கிறார் என்றேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். அவள் அந்த நகரத்துக்கு வந்து சில மாதங்கள்தான். அவளுடைய பஸ் நிற்பது மேல் வீதியில், ஆகவே அவளுக்கு அதுதான் முன்வாசல். லிஃப்டில் இறங்கிப் போவோம், வாங்கோ என்றேன். தலையாட்டி மறுத்தாள்.

"சனத்துக்குள்ள துலைஞ்சா சொன்ன இடத்தில நில், அசையாதை, நான் தேடி வருவன் எண்டு அம்மா சொன்னவ. ஊரோட வெளிக்கிட்ட நேரம் நான் அப்பிடித்தான் நிண்டனான். அம்மா வந்தவ" என்றாள். "அவர் வரட்டும்."

அண்ணன் அந்தச் சொல்லைக் கேட்டது ஓர் இடப்பெயர்வில், தங்கை கேட்டது அவர் நாட்டைவிட்டுப் போன பிறகு வந்த இன்னோர் இடப்பெயர்வில். ஒருவர் கேட்டதை மற்றவர் அறியார். ஒரே தாயின் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டு பிள்ளைகளும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் நின்று, மற்றவர் வரவில்லை என்று மனம் உடைந்துகொண்டிருந்தார்கள்.

கீழே ஓடிவந்து அத்தானிடம் சொன்னேன். "மேலயோ? அது கூரையெல்லோ" என்று அண்ணாந்து பார்த்தார். ஓர் அடி எடுத்து வைத்தார், உடனே நின்றார். நான் போகிற நேரம் அவள் இறங்கி வந்துவிட்டால் என்ன செய்வது என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய தோளைப் பிடித்து விலக்கிவிட்டு, அவர் நின்ற அதே இடத்தில் நான் நின்றேன்.

"நான் இதில நிக்கிறன், அசையமாட்டன். தேடிப்போக இப்ப அம்மா இல்லை அத்தான். நீங்கள்தான் போகவேணும்."

லிஃப்டுக்கு முன்னால் நீண்ட வரிசை. அவர் அதைப் பார்த்தார், பிறகு கட்டடத்தின் வெளிப்புறத்தில் பாறையோடு தொங்கிக்கொண்டிருந்த படிக்கட்டில் ஏறத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டிய, முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசும் மனிதர். ஒவ்வொரு கூரையின் விளிம்பிலும் ஒரு கணம் தெரிந்தார், மறைந்தார், அடுத்ததில் இன்னும் சிறியவராகத் தெரிந்தார். அந்த நகரத்தில் நான் கண்ட அதிசயங்களில் அதற்கு நிகராக எதையும் சொல்லமாட்டேன். உச்சிக்குக் கிட்ட பனிக்குள் போன பிறகு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் சந்தித்ததை நான் பார்க்கவில்லை. மேல் வாசல் கீழிருந்து தெரியாது, நானோ அசையமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன். கழிப்பறைக்கென்று வெளிக்கிட்டவன் இன்னும் அங்கே போகவேயில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் நின்றேன். படகுகள் போயின, சனம் என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

கடைசியில் லிஃப்டிலிருந்து வெளியே வந்தது அவள்தான், தனியாக. கண்கள் சிவந்திருந்தன. சனத்துக்குள் அங்குமிங்கும் தேடி, என்னைக் கண்டதும் வேகமாக வந்தாள்.

"அண்ணா மேல படியில இருக்கிறார், கால் நடுங்குது, எழும்ப ஏலாதாம். உங்களை இஞ்ச நிக்கவைச்சிட்டு வந்தனான் எண்டு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுதான் நான் தேடி வந்தனான்." என் கையைப் பிடித்து இழுத்தாள். "கெதியா வாங்கோ, அண்ணா அங்க தனிய இருக்கிறார்."