அக்காவின் வலது கால்

பட்டறையில் அவனுக்கு ‘லேப்டாப்பு’ என்று பேர். மற்றவர்கள் ஸ்பேனரோடு வருவார்கள், இவன் லேப்டாப்போடு வருவான். இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் புகைந்துபோன பழைய வண்டிகளுக்கு, நாமே கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேறொரு கம்ப்யூட்டரை மாட்டி ஓடவைப்பது அவன் தொழில். கல்யாணம் காட்சி கிடையாது. அக்கா வீட்டு மாடியறையில் வாசம், அக்கா கையால் சாப்பாடு. அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். மச்சான் போனபிறகு அந்த வீடு நின்றதே அந்த ஸ்டியரிங்கில்தான்.

வேனின் கம்ப்யூட்டர் செத்தபோது வேன் முதலாளியிடம் போய், “என் தம்பி பாத்துப்பான்” என்று மார்தட்டியதும் அக்காதான்.

மாட்டினான், ஓடியது. நின்ற இடத்தில் அணையாமல் இருக்கத்தான் மாட்டேன் என்றது. இன்ஜினுக்கு ஓடுவதுகூட லேசு, சும்மா இருப்பதுதான் கஷ்டம். டிரைவர் காலை எடுத்ததும் அது அணையாமலிருக்கக் கொஞ்சம் காற்று வேண்டும். அதை அளந்து விடுவது ஐட்லிங் வால்வு என்கிற கட்டைவிரல் அளவுச் சாமான். எவ்வளவு திறக்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தவன் இவன்.

அக்கா கையில் வண்டி சிக்னலில் ஆஃப் ஆகும், திருப்பத்தில் ஆஃப் ஆகும். இவன் போய் லேப்டாப்பைச் செருகி ஸ்டார்ட் பண்ணினால், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாக மணிக்கணக்கில் அணையாமல் நிற்கும்.

“உன் கால்லதான்க்கா ஏதோ. ஆக்சிலேட்டர்லேருந்து பட்டுனு எடுக்காத.”

“இத்தனை வருஷமா எடுக்கிற மாதிரிதான்டா எடுக்கிறேன்.”

அப்புறம்தான் அந்த மேம்பாலச் சரிவு. வேன் நிறையப் பிள்ளைகள். இறக்கத்தில் காலை எடுத்தாள், இன்ஜின் அணைந்தது. இன்ஜின் துணையில்லாமல் பிரேக் கல்லாகிவிட்டது, ஸ்டியரிங் அசையவில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, முன்னால் நின்ற லாரியின் முதுகை உரசி நிறுத்தினாள். பிள்ளைகள் மேல் ஒரு கீறல் இல்லை. ஆனால் அவர்கள் கத்திய கத்தல் அவள் காதைவிட்டுப் போகவே இல்லை.

சாயங்காலம் பெற்றவர்கள் முதலாளியின் ஷெட்டில் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவர் இவனைக் கேட்டார்.

“ஒரே வார்த்தையில சொல்லு. வண்டியா, டிரைவரா?”

அக்கா இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத் தொழில் கௌரவம் விடவில்லை.

“வண்டில ஒண்ணும் இல்லைங்க” என்றான், பாவி.

அக்காவிடமிருந்து சாவியை வாங்கி வேறு டிரைவரிடம் கொடுத்தார்கள். அந்த மனுஷன் கையில் வண்டி ஒருநாள்கூட ஆஃப் ஆகவில்லை. வேறென்ன சாட்சி வேண்டும்? அக்காவே நம்பிவிட்டாள். அடுப்படியில் நின்றபடி வலது காலைத் தரையில் அழுத்தி, மெல்ல மெல்ல எடுத்துப் பார்ப்பாள்.

“கால்தான்டா. எனக்கே தெரியாம இழுத்துக்குது போல.”

அவள் சோறு பாதியில் நிற்கும். வேலைக்கு எங்கேயும் கேட்டுப் போகவில்லை. இனி எந்தப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓட்ட மாட்டாளாம்.

ஒருநாள் சர்வீசுக்காக வேனைப் பட்டறைக்குக் கொண்டுபோக இவனை அனுப்பினார்கள். லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. வெறுமனே ஏறிச் சாவியை ஒரே திருப்பாகத் திருப்பினான். வண்டி கிளம்பியது. ஷெட் வாசலில் காலை எடுத்தான், ஆஃப். மறுபடி அதே திருப்பு, மறுபடி ஆஃப். மூன்றாம் தடவை சாவியைப் போட்டுக் கொஞ்சம் பொறுத்துக் கிளப்பினான், அணையவில்லை.

சாவியைப் போட்டதும் கம்ப்யூட்டர் முதலில் வால்வை முழுக்கத் திறந்து, அது போய் முட்டுகிற இடத்திலிருந்துதான் கணக்கை ஆரம்பிக்கும். கரண்ட் போன வீட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டு அடி எண்ணி நடப்பது மாதிரி. அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். இவன் எப்போதும் லேப்டாப் இணைப்புக்காகக் காத்திருந்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவான். புது டிரைவரோ சாவியைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, பெல்ட்டை மாட்டி, அப்புறம்தான் கிளப்புவார். அக்காவுக்கு ஏது அந்த நேரம்? பள்ளிக்கூட மணி அடித்துவிடுமே என்று ஒரே திருப்பு. பேட்டரியின் சக்தியை ஸ்டார்ட்டர் இழுத்துக்கொள்ள, வால்வு பாதி வழியிலேயே நின்றுவிடும். முழுக்கத் திறந்துவிட்டதாக நினைத்துக் கம்ப்யூட்டர் அங்கிருந்து எண்ணி மூட, அது ஒரேயடியாக மூடிக் கிடக்கும்.

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. வண்டியை அணைத்தபிறகும் கம்ப்யூட்டர் கொஞ்சம் விழித்திருந்து, அந்த முட்டுகிற வேலையை அப்போதே முடித்துவைத்தால் போதும். பட்டறையில் அதை மாற்றிவிட்டு முதலாளியிடம் ஓடினான்.

“தப்பு என்னோடதுங்க. அக்கா மேல ஒண்ணும் இல்ல. அவங்களக் கூப்பிடுங்க.”

“இப்பத்தான் பெத்தவங்க மனசு ஆறியிருக்கு. ஓடுற வண்டி ஓடட்டும், கிளறாத.”

கையைப் பிடித்துக் கெஞ்சினான். அவர் கையை உருவிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்ப, பிள்ளைங்க கத்துனது என் காலால இல்லையா?”

“இல்லக்கா. என்னால.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் பிழைத்திருப்பான்.

“தினம் வயரு மாட்டி அந்த வண்டிகிட்டக் கேட்டியே. சாவிய எப்படித் திருப்புவன்னு என்கிட்ட ஒரு தடவ கேட்டியாடா?”

அவன் குனிந்து அவள் வலது பாதத்தைத் தொடப் போனான். அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.